மணிக்கணக்கு என்னும் மயக்கம்

பத்தாயிரம் மணி நேரம் பயின்றால் எவரும் எத்துறையிலும் மேதையாகலாம் என்னும் வாய்பாடு இன்று மேடைதோறும் மந்திரம்போல் ஓதப்படுகிறது. நாமும் மறையுரையில் அதனை ஒருமுறை எடுத்தாண்டோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அது பிழையான வாய்பாடு. உழைப்பைப் போற்றுவதுபோல் தோன்றி, சிந்தனையற்ற பழக்கத்திற்கு முடிசூட்டுவது அது.

அதன் பிறப்பிடத்தைப் பார்ப்போம். ஆண்டர்ஸ் எரிக்சன் என்னும் உளவியலாளரும் அவர்தம் துணைவர் இருவரும், மேற்கு பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவரைப் பற்றிய ஆய்வை 1993-இல் வெளியிட்டனர். மிகச் சிறந்த மாணவர் 20 வயதிற்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் தனியே பயின்றிருந்தனர். 2008-இல் மால்கம் கிளாட்வெல் ‘அவுட்லையர்ஸ்’ என்னும் நூலில் அந்த எண்ணை விதியாக்கினார். சராசரி விதியாகுமா? அச்சிறந்தவருள்ளும் பலர் அவ்வயதில் அந்த எண்ணை எட்டவில்லை என எரிக்சனே பின்னர் எடுத்துரைத்தார். கேட்பார் இல்லை.

அதே ஆய்வில் மேடைகள் மறந்த செய்தி ஒன்று உண்டு. முதல்நிலை மாணவரும், இசையாசிரியர் பணிக்குப் பயின்றவரும் இசை சார்ந்த அலுவல்களில் வாரத்திற்கு ஏறத்தாழ 50 மணி நேரம் ஒப்பவே செலவிட்டனர். வேறுபாடு தனியறைப் பயிற்சியில்தான் இருந்தது: முன்னவர் வாரம் 24 மணி, பின்னவர் 9 மணி. தம் குறையைத் தாமே எதிர்கொள்ளும் அந்த நேரம் இனிமையானதன்று. பயிற்சி ஒன்றே திறமை வேறுபாடு முழுவதையும் விளக்காது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியதையும் நாம் மறுக்கவில்லை.

குறையை எதிர்கொள்வது எப்படி என்பதற்குப் பெஞ்சமின் பிராங்கிளின் தம் தன்வரலாற்றில் சான்று தருகிறார். பாஸ்டனில் அச்சகப் பயிலாளராய் இருந்த இளமையில், அவருடைய எழுத்தில் நடையழகும் ஒழுங்கும் தெளிவும் போதா என்று தந்தை இடங்களைச் சுட்டிக் காட்டினார். மைந்தர் சினக்கவில்லை. ‘ஸ்பெக்டேட்டர்’ இதழின் கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் சிறு குறிப்பு எழுதிச் சில நாள் ஒதுக்கி வைத்தார். பின் மூலத்தைப் பாராமல் தம் சொற்களில் கட்டுரையை மீண்டும் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழைகளைத் திருத்தினார். சொல்வளம் போதவில்லை என்று கண்டதும், உரைநடையைச் செய்யுளாக்கி, அச்செய்யுளை மீண்டும் உரைநடையாக்கினார். குறிப்புகளைக் கலைத்துப்போட்டு, வாரங்கள் கழித்து வரிசைப்படுத்தினார். (இதற்கு நேரம் வேண்டி ஞாயிறு வழிபாட்டையும் தவிர்த்தார், அப்பகுதியை நாம் பரிந்துரைக்க இயலாது.) இதில் மணிக்கணக்கு எங்கே இருக்கிறது?

நம் இல்லங்களிலோ, மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம் “எத்தனை மணி நேரம் படித்தாய்?” என்றே கேட்கிறோம். விடைத்தாளை விரித்து, எங்கே தவறினாய், ஏன் தவறினாய் என்று உடனமர்ந்து பார்ப்பவர் எத்தனை பேர்? அப்பிள்ளை விளக்கெரிய உட்கார்ந்து, அதே பிழையை ஆழமாய்ப் பழகுகிறது. இறுதியில் “இவனுக்குப் படிப்பு வராது” என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். எத்துணைக் கொடுமை!

பிறரைக் குறைகூறும் நாம் மட்டும் விதிவிலக்கா? இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மறையுரை ஆற்றுகிறோம். கோவில் வாசலில் எவரும் “நன்றாக இருந்தது, சாமி” என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை. அந்த மணிகளைக் கூட்டினால் என்ன தொகை வருமோ, நம் உரை அன்றிருந்தபடியேதான் இருக்கிறது. சென்ற மாதம் பங்கு மக்கள் மூவரை அழைத்து, நம் உரையின் குறைகளை எழுதித் தருமாறு கேட்டோம். இருவர் கைகூப்பி மறுத்துவிட்டனர். மூன்றாமவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஒரு தாள் போதுமா என்று கேட்டார்.