பிள்ளைக்கு நோய் திரும்பினால் அம்மாவுக்கு விடுப்பு உண்டா?

செப்டம்பர் மாதம் குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். பல்கலைக்கழகத்தில் தங்க நிற ரிப்பன் கொடுத்தார்கள். சட்டையில் குத்திக்கொண்டபோது, கேமரன் மலையில் எங்கள் தோட்டத்து லயத்தில் இருக்கும் ஒரு சிறுமிதான் நினைவுக்கு வந்தாள்.

முதலாம் ஆண்டு படிக்கும்போது அவளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிகிச்சை. முடி திரும்ப வளர்ந்து, தமிழ்ப்பள்ளிக்கும் திரும்பினாள். இப்போது ஐந்தாம் ஆண்டு. நோய் மீண்டும் வந்திருக்கிறது. விடுமுறையில் பார்க்கப் போனபோது அவள் அம்மா சொன்னார்: "மொத தடவ ஒன்னும் தெரியாம போனோம்மா. இப்ப எல்லாம் தெரிஞ்சு போறோம். அதான் கஷ்டம்."

குணமான நோய் ஏன் திரும்புகிறது? குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் இரத்தப் புற்றுநோய்தான். மருந்து கொடுத்த சில வாரங்களில் நுண்ணோக்கியில் நோய் அணுக்கள் தெரியாமல் போகலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சில அணுக்கள் எலும்பு மஜ்ஜையிலோ மூளைத் தண்டுவட நீரிலோ தங்கிவிடக்கூடும். அதனால்தான் சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

இந்தப் போராட்டத்தின் தொடக்கத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவரின் பங்கு உண்டு. அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அமெரிக்காவில் அவரது குழு உருவாக்கிய அமினோப்டெரின் மருந்தைப் போஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்ததாக 1948இல் அறிவித்தார். அந்த முன்னேற்றம் சில மாதங்களே நீடித்தது. நோய் திரும்பியது. ஒரே மருந்து போதாது, பல மருந்துகளைச் சேர்த்து நீண்ட காலம் கொடுக்க வேண்டும் என்ற பாடம் பிற்பாடுதான் புரிந்தது.

இன்று நிலைமை வேறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளும் பதின்ம வயதினரும் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். பணக்கார நாடுகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள். பல ஏழை நாடுகளில் 30 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. மலேசியா இதில் தலைகுனிய வேண்டியதில்லை. சிங்கப்பூரோடு சேர்ந்து நடத்திய 'மா-ஸ்போர் ஏஎல்எல் 2003' ஆய்வின் முடிவுகள் 2012இல் வெளியாயின. பத்தாயிரம் அணுக்களில் ஒன்றாக எஞ்சியிருக்கும் நோயணுவைக்கூட அளந்து, அதற்கேற்ப மருந்தைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்தார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் உயிரோடு இருந்தார்கள்.

நோய் திரும்பினால் எல்லாம் முடிந்தது என்றும் பொருளில்லை. முதன்முதலில் கண்டறிந்து 36 மாதங்களுக்குப் பிறகு திரும்பும் நோய்க்கு, சீக்கிரமே திரும்புவதைவிட நம்பிக்கை அதிகம். எங்கள் லயத்துப் பிள்ளை இந்த வகைதான். மீண்டும் கீமோதெரபி உண்டு. தேவைப்பட்டால் குருத்தணு மாற்றும் உண்டு.

அப்படியானால் சிக்கல் எங்கே? மருந்தில் மட்டும் இல்லை. பாதையிலும் சம்பளத்திலும் இருக்கிறது.

கேமரன் மலை பகாங்கில் இருந்தாலும் மாநிலத் தலைநகர் குவாந்தான் எங்களுக்கு வெகு தூரம். தானா ராத்தாவில் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் இத்தகைய சிகிச்சைக்குப் பெருநகரங்களுக்குத்தான் இறங்க வேண்டும். கோலாலம்பூர் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். தாப்பா சாலையின் வளைவுகளில் நல்ல உடம்புக்காரருக்கே தலை சுற்றும். கீமோ ஏற்றிக்கொண்ட பிள்ளையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் கட்டணம் குறைவு என்பது உண்மை. ஆனால் பேருந்து, சாப்பாடு, தங்குமிடம், வீட்டில் இருக்கும் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள், இவை எந்த ரசீதிலும் வராத செலவுகள்.

அதைவிடப் பெரியது போன நாளின் சம்பளம். அந்த அம்மா கொழுந்து பறிப்பவர். வேலைக்கு வராத நாளுக்கு அவருக்குச் சம்பளம் இல்லை. 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள திருத்தப்பட்ட வேலைச் சட்டம் மகப்பேறு விடுப்பை 98 நாளாக்கியது, தந்தைக்கு 7 நாள் விடுப்பு தந்தது. தொழிலாளி நோயுற்றால் மருத்துவ விடுப்பும் உண்டு. ஆனால் தொழிலாளியின் பிள்ளை நோயுற்றால்? அதற்கென்று சம்பளத்துடன் கூடிய விடுப்பு அதில் இல்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கும் ஆண்டு விடுப்பு குறைந்தபட்சம் 16 நாள்தான். ஒரே ஒரு முறை வார்டில் தங்கினாலே அது கரைந்துவிடும். நெகிழ்வான வேலை முறைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது சட்டம். தேயிலைச் செடியை வீட்டுக்குக் கொண்டுவந்து பறிக்க முடியுமா?

பிரான்சில், கடும் நோயுற்ற பிள்ளையைக் கவனிக்கும் பெற்றோருக்கு மூன்று ஆண்டுகளில் 310 நாள் வரை உதவித்தொகையுடன் விடுப்பு உண்டு. அந்த அளவுக்கு நம் முதலாளிகளால் தாங்க முடியாது என்பார்கள். நியாயம்தான். சிறு தோட்டக்காரர் தனியாக அந்தச் சுமையை ஏற்க இயலாது. அதனால்தான் அது சொக்சோ போன்ற பொதுக் காப்புறுதியின் வழி வர வேண்டும் என்று நினைக்கிறேன். எல்லாரும் சிறிது கட்டினால், ஒருவர் மட்டும் உடைய வேண்டியதில்லை. இன்று இந்த இடைவெளியை மக்னா போன்ற அறவாரியங்கள்தான் முடிந்தவரை நிரப்புகின்றன. அறம் நல்லது. ஆனால் விண்ணப்பிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது போய்ச் சேரும்.

மாணவர்களான நம்மால் சட்டம் இயற்ற முடியாது. பாரம் நிரப்ப முடியும். தோட்டத்துப் பெற்றோருக்கு மலாய்ப் பாரங்களை விளக்கிப் பூர்த்தி செய்து கொடுக்கலாம். 18 வயது நிறைந்தவர்கள் இரத்தமும் இரத்தத் தட்டணுக்களும் கொடுக்கலாம், குருத்தணுக் கொடையாளராகப் பதிந்துகொள்ளலாம். உடன்பிறந்தவரிடமே பொருத்தம் அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். வெளியே தேடும்போது, பெரும்பாலும் அதே இனத்தவரிடம்தான் கிடைக்கும். நம்மவர் பதியாவிட்டால் நம் பிள்ளைகளுக்கு யார்?

அந்தச் சிறுமி என்னிடம் கேட்டது ஐந்தாம் ஆண்டு கணிதப் பயிற்சி நூல் ஒன்று. மருத்துவமனைக்கு எடுத்துப் போகவாம். அவர்களுடைய அடுத்த பயணம் வியாழக்கிழமை. அன்று மாலை தராசில் அவள் அம்மா பறித்த கொழுந்து இருக்காது.