நிலாவரையும் நீர்க்கணக்கும்

புத்தூரை அடுத்த நவக்கிரியிலுள்ள நிலாவரையை வற்றாக் கிணறு என்று போற்றுவது நம்மவர் வழக்கு. இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியதென்னுங் கதையையும் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கதை இனிது, அதனை மறுக்க வந்தேனல்லேன். ஆயின் 'வற்றாது' என்ற அவ்வொரு சொல்லே நம்மைக் கண்ணயரச் செய்துவிட்டது என்பது என் கருத்து.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி தொட்டுப் பெய்யும் மாரி சுண்ணக்கற் பிளவுகளூடே இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கின்றது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், அம்மட்டத்தின் கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டென்பது அறிஞர் கண்ட விதி. இதனைத் திருப்பிப் பார்த்தால் நெஞ்சு நடுங்கும்: மேலே 1 அடி குறைய, கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏற இடமுண்டு. நிலாவரையிலும் மேலே நன்னீர், ஆழஞ் செல்லச் செல்ல உவர்ப்பு. ஆதலின் கிணறு வற்றாமலே கெடக்கூடும். துலா மிதித்த காலத்தில் மனிதனின் களைப்பே நீருக்குக் காவலாயிருந்தது, இயந்திரத்துக்குக் களைப்பேது?

எவ்வளவு இறைக்கலாமென்பதைக் கணினியில் முன்னறியும் முறையொன்று உண்டு. நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றினும் புகுவது, வெளியேறுவது, தங்குவது ஆகியவற்றை, பிரெஞ்சுப் பொறியியலாளர் தார்சி 1856இல் வெளியிட்ட விதிகொண்டு நாள்தோறும் பெருக்கிச் செல்வர். நியூசிலாந்தின் வைராக்கேயில் 1958 முதல் மின்னாக்க உதவும் நிலத்தடி வெப்பநீர்த் தேக்கத்தையும், வெப்பத்தையுஞ் சேர்த்து, இவ்வாறே கணித்துள்ளனர். அங்கே பல்லாண்டு அளவைகள் கையிலிருந்தமையால், கணினி சொன்னதை நிலம் சொன்னதோடு ஒப்பிட்டுத் திருத்த முடிந்தது. நம் சுண்ணக்கல்லோ இன்னும் முரடு: நீர் பிளவு வழியே ஓடுவதால், ஒரு கிணறு அடுத்த கிணற்றுக்குச் சாட்சியாகாது. நாலைந்து கிணறுகளை அளந்து குடாநாட்டுக்கே தீர்ப்புக் கூறுவது பொருந்தாது.

கணிக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது, அளவையே அருமை. (தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்பார் உளர். அவனும் கிணற்று நீரையே குடிக்கிறான்.) நம் மாணவர் ஒவ்வொருவரும் வீட்டுக்கிணற்றின் நீர்மட்டத்தைத் திங்கள்தோறும் கயிறிட்டு அளந்து குறித்தல் இயலாததன்று. பிறநாடுகளிலுள்ள பழைய மாணவர்கள், விழா வளைவுக்கு அனுப்பும் பணத்திற் சிறுபகுதியை உவர்ப்பளக்கும் கருவிகளுக்கு அளிப்பாராக. கிணற்றுக்கட்டு ஒவ்வொன்றும் கடல்மட்டத்துக்கு எத்துணை மேலுள்ளதென்பதை மட்டும் நில அளவையாளர் ஒருவர் முதலிற் குறித்துத் தரவேண்டும். அஃதின்றேல் ஒருவீட்டு அளவை மற்றவீட்டு அளவையோடு ஒப்பிடலாகாது. அப்பணியை வரும் மாரிக்கு முன்னரே முடித்துவிடலாம்.