சுவரெழுத்து: கலையா? அழிவேலையா?



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமைக் காலை. நான் அப்போது பணியாற்றிய பள்ளியின் பின்சுவரில், சிவப்புச் சாயத்தால் ஓர் இரண்டிலக்க எண் ஆளுயரத்திற்கு எழுதப்பட்டிருந்தது. வெளியூர் அன்பர்களுக்கு அது வெறும் எண்ணாகத் தோன்றலாம். கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு அதன் பொருள் நன்கு தெரியும். அது ஒரு குண்டர் கும்பலின் பெயர். 2013 ஆகஸ்டு மாதம் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றுள் பல, எண்களையே பெயராகக் கொண்டவை. அவற்றில் நம் இன இளைஞர்களே மிகுதி என்ற வேதனையான செய்தியும் அப்போது வெளிவந்தது.

எழுதியவன் யார் என்று கண்டறிய நெடுநேரம் ஆகவில்லை. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் விரல் நகங்களில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. ஏன் எழுதினாய் என்று கேட்டேன். நெடுநேரம் தலைகுனிந்து நின்றவன் சொன்னான்: “அந்த நம்பர் இருந்தா யாரும் நம்மள அடிக்க வரமாட்டாங்க, சார்.”

அந்தப் பதில் இன்றளவும் என்னை உறுத்திக் கொண்டிருக்கிறது. சுவரெழுத்து கலையா, அழிவேலையா என்ற வாதம் எழும்போதெல்லாம் அவன் முகமே நினைவுக்கு வருகிறது.

சுவரிலும் கல்லிலும் பானையிலும் பெயர் பொறிப்பது மனிதனின் மிகப் பழைய ஆசை. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ‘ஆதன்’, ‘குவிரன்’ போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. அக்கீறல்களைக் கண்டு இன்று நாம் நெஞ்சு நிமிர்த்துகிறோம். இலங்கையின் சிகிரியாக் குன்றில் ‘கண்ணாடிச் சுவர்’ என்றொரு சுவர் உண்டு. ஓவியங்களைக் காண வந்த பழங்காலப் பயணிகள் அச்சுவரில் கவிதைகளைக் கீறிச் சென்றனர். அவற்றுள் 685 கவிதைகளைத் தொல்லியல் அறிஞர் பரணவிதான படித்தறிந்து 1956இல் நூலாக வெளியிட்டார். அவை இன்று சிங்கள இலக்கியத்தின் அரிய செல்வங்கள். ஆனால் 2015இல் அதே சுவரில் தன் பெயரைக் கீறிய இளம்பெண் ஒருவருக்கு ஈராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அதிபரின் பொதுமன்னிப்பால் அவர் விடுதலை பெற்றார்.

அன்று கீறியவன் கவிஞன். இன்று கீறியவள் குற்றவாளி. இது நீதியா என்று சிலர் கேட்கக்கூடும். நீதிதான் என்பது என் கருத்து. அன்று அது வருவோர் போவோர் எழுதிய சுவர். இன்று அது ஓர் உலகமே பாதுகாக்கும் சுவர். புதிய கீறல் ஒவ்வொன்றும் பழைய கவிதையைத் தின்றுவிடும். ஆயினும் ஒரு பெயருக்கு ஈராண்டுச் சிறை என்பது குற்றத்தை மீறிய தண்டனை. மன்னிப்பு வழங்கியவர் நல்லதே செய்தார்.

நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் சுவரெழுத்துக்குப் பிரம்படி வரை தண்டனை வைத்திருக்கிறது. 1994இல் மைக்கேல் ஃபே என்ற அமெரிக்க இளைஞர், மகிழுந்துகளில் சாயம் தெளித்த குற்றத்திற்கு நான்கு பிரம்படி பெற்றது உலகறிந்த செய்தி. நம் நாட்டின் கதை வேறு வகை. எர்னஸ்ட் ஜக்கரேவிச் என்ற லிதுவேனிய ஓவியர் 2012இல் பினாங்கு ஜார்ஜ்டவுனில் வரைந்த மிதிவண்டிக் குழந்தைகளைக் காண மக்கள் வரிசையில் நிற்கின்றனர். அதே ஓவியர் 2013இல் ஜோகூர் பாருவில் ஒரு தெருமுனையில் வரைந்தார். கைப்பையுடன் நடந்துவரும் லெகோ பொம்மைப் பெண். மூலைக்கு அப்பால் கத்தியுடன் காத்திருக்கும் லெகோ திருடன். சில நாள்களிலேயே மாநகராட்சி அதன்மேல் வெள்ளைச் சாயம் பூசியது. ஆனால் அதற்குள் படம் இணையத்தின்வழி நாடெங்கும் பரவிவிட்டது. சாயத்தால் சுவரை மறைக்க முடிந்தது. வழிப்பறி பற்றிய மக்களின் அச்சத்தை மறைக்க முடியவில்லை.

இங்கேதான் நாம் தெளிவு பெறவேண்டும். ‘கலையா, அழிவேலையா’ என்று ஒரே மூச்சில் கேட்கும்போது இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் குழப்பிக் கொள்கிறோம். கலையா என்பது படைப்பைப் பற்றிய கேள்வி. அழிவேலையா என்பது உரிமையைப் பற்றிய கேள்வி. அதாவது, சுவர் யாருடையது, அதைக் கழுவப்போவது யார் என்பது. ஒன்றின் விடையை வைத்து மற்றொன்றை முடிவுசெய்ய இயலாது. உயர்ந்த கலையும் அனுமதியின்றி வரையப்பட்டால் குற்றமாகலாம். முறையான அனுமதியுடன் தீட்டியது வெறும் அலங்காரமாக நின்றுவிடலாம்.

மூன்றாவதாக ஒரு கேள்வியையும் நான் சேர்ப்பேன். அந்த எழுத்து பார்ப்பவனிடம் பேசுகிறதா, மிரட்டுகிறதா? கடன் கட்டாதவர் வீட்டுக் கதவில் வட்டி முதலைகள் சிவப்புச் சாயத்தை வீசிச் செல்வதை நாம் கண்டிருக்கிறோம். அவ்வீட்டுக் குழந்தை மறுநாள் எப்படிப் பள்ளிக்கு வரும்? கும்பல் எண்ணும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. அதில் கலை இல்லை. ஏழு வயதுக் குழந்தை கடந்துசெல்லும் சுவரில் அது ஒரு நாள்கூட நிற்கக்கூடாது.

ஆனால், அழிப்பதற்கு முன் அதைப் படிக்கவேண்டும். அந்த எண்ணை அழித்துவிட்டுக் காவல்துறையிடம் பையனை ஒப்படைத்திருந்தால், ‘எனக்கு அச்சமாக இருக்கிறது’ என்று அவன் எழுதியதை நாங்கள் படிக்காமலேயே போயிருப்போம்.

ஆசிரியர் அறையில் கருத்து வேறுபாடு எழுந்தது. இறுதியில், அவனே அந்தச் சுவருக்கு வெள்ளை பூசவேண்டும் என்று முடிவாயிற்று. பூசினான். காய்ந்ததும், தலைமையாசிரியரின் அனுமதியோடு அதே சுவரை அவனுக்கும் இன்னும் ஐந்து மாணவர்களுக்கும் கொடுத்தோம். அவன் வரைந்தது மெலாவாத்தி மலைக் குரங்குகளை. தாய்க்குரங்கு சாம்பல் நிறம். மடியில் குட்டி செம்மஞ்சள் நிறம். குட்டிக்கு ஏன் இந்த நிறம் என்று புதிய ஆசிரியை ஒருவர் கேட்டபோது, “பிறக்கும்போது அப்படித்தான் டீச்சர் இருக்கும், அப்புறம்தான் மாறும்” என்று விளக்கினான். உண்மைதான். வால் அளவுக்கு மீறி நீண்டிருந்தது. கலைப் போட்டியில் பரிசு கிடைக்காது. ஆனால் அதன்கீழ் அவன் தன் சொந்தப் பெயரை எழுதினான்.

ஓர் ஓவியம் ஒரு வாழ்வையே மாற்றிவிட்டது என்று கதை கட்ட நான் விரும்பவில்லை. அடுத்த ஆண்டே சாலையோரப் பேருந்து நிறுத்தத்தில் அதே எண் மீண்டும் தோன்றியது; யார் எழுதினார்கள் என்று தெரியாது. சென்னைக் கண்ணகி நகரில் 2020இல் குடியிருப்புச் சுவர்கள் பலவற்றில் ஓவியம் தீட்டினார்கள். நகரின் நடுவிலிருந்து பெயர்த்தெடுத்து வைக்கப்பட்ட மக்கள் வாழும் இடம் அது. ஓவியத்தால் அவ்விடத்தின் பெயர் துலங்கியது. ஆனால் வேலையும் வசதியும் சாயத்தால் வந்துவிடா. தோட்டத்தை விட்டு அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்த நம்மவர்க்கும் இது பொருந்தும்.

பெட்டாலிங் ஜெயாவிலும் ஷா ஆலாமிலும் இளைஞர் வரைய இடம் கிடைக்கிறது. நம் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு எந்தச் சுவர் இருக்கிறது? பிறர் சுவரில் எழுதாதே என்று கண்டிக்கும் உரிமை நமக்கு உண்டு. அதற்கு முன், எழுதிக்கொள்ள ஒரு சுவரை அவனுக்குக் கொடுத்தோமா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆலயப் பொறுப்பாளர்களும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கும்பலின் எண்ணை எழுதிய கைக்குத் தன் பெயரையும் எழுதத் தெரியும். எதை எழுத அதற்கு இடம் தருகிறோம் என்பதே நம் பொறுப்பு.