சொந்தப் பேருக்கு வாடகை

இந்தப் பதிவைப் படித்துவிட்டு டிஜிட்டல் மார்க்கெட்டிங்கில் இருக்கும் நண்பர்கள் என்னை அடிக்க வரலாம். வாங்க, காபி போட்டு வைக்கிறேன். ஆனால் முழுசாகப் படித்துவிட்டு வாங்க.

சித்தூரில் என் மாமாவுக்கு மூன்று கார் இருக்கிறது. டிராவல்ஸ் என்று போர்டில் எழுதியிருக்கும், உள்ளே ஒரு மேஜை, ஒரு ஃபேன், வெங்கடாசலபதி காலண்டர். 1994-ல் ஒரே ஒரு அம்பாசிடரோடு ஆரம்பித்தது. வேலூர் சி.எம்.சி.க்குப் போகிற நோயாளிகள், காணிப்பாக்கம் பிள்ளையார், திருப்பதி, காளஹஸ்தி, அப்புறம் சென்னை ஏர்போர்ட்டில் அர்த்தராத்திரி வந்து இறங்குகிற நம்மைப் போன்ற ஜென்மங்கள், இதுதான் பிழைப்பு. மாமா தமிழ், தெலுங்கு இரண்டும் ஒரே வாக்கியத்தில் பேசுவார், கன்னடமும் சமாளிப்பார். டிரிப் நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். தேதி, வண்டி, கிலோமீட்டர், பேட்டா, கடைசிக் கட்டத்தில் "யார் சொல்லி". அந்தக் கடைசிக் கட்டம் இந்தப் பதிவுக்கு ரொம்ப முக்கியம்.

மாமா பேரையோ டிராவல்ஸ் பேரையோ இங்கே போடப் போவதில்லை. போட்டால் கூகிளில் தேடுவீர்கள், தேடினால் மேலே இருப்பதைக் கிளிக் செய்வீர்கள், யாருக்கோ காசு போகும் :-)

கொரோனாவுக்கு அப்புறம் வியாபாரம் டல். எடிசனில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆரம்பித்தேன். "என்ன மாமா, இன்னும் நோட்டுப் புஸ்தகத்தை வெச்சிக்கிட்டு... ஆன்லைன்ல வாங்க. நான் பாத்துக்கறேன்." அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "நீ படிச்சவன், உனக்குத் தெரியாததா மாப்ளே" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அன்றைக்கே கூகிளில் விளம்பரக் கணக்கு தொடங்கினேன். நாளைக்கு 300 ரூபாய். ஒன்பது மாதம் ஓடியது. 81 ஆயிரம், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக மொத்தம் 95,580 ரூபாய். முதல் மூன்று மாதம் என் கார்டு. அப்புறம் மாமா ரோஷக்காரர் ஆயிற்றே, "என் வியாபாரத்துக்கு நீ எதுக்குக் கட்டற" என்று தன் கார்டு நம்பரைக் கொடுத்துவிட்டார்.

போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது நோட்டையும் கூகிள் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "யார் சொல்லி" கட்டத்தில் 'நெட்' என்று எழுதிய டிரிப் 31. அதில் 19 பேர் ஏற்கெனவே மாமா வண்டியில் போனவர்கள், இல்லையென்றால் போனவர்கள் சொல்லி வந்தவர்கள். போன் நம்பர் தொலைந்துவிட்டது, டிராவல்ஸ் பேரை கூகிளில் அடித்தார்கள், மேலே வந்த விளம்பரத்தைத் தொட்டார்கள். அவ்வளவுதான். நிஜமாகப் புதுசாக வந்தவர்கள் 12 பேர். ஒரு ஆளைக் கொண்டுவர கிட்டத்தட்ட 8 ஆயிரம் ரூபாய். சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். போய் வந்தால் டீசல், பேட்டா, டோல் போக மாமாவுக்கு என்ன நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் போட மனசில்லை.

மீதிக் காசு எங்கே போனது? மக்கள் என்ன தேடி நம் விளம்பரத்தைத் தொட்டார்கள் என்ற பட்டியல் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. நான் ஒன்பது மாதம் அதைத் திறக்கவே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். தரிசன டிக்கெட் தேடியவர்கள். பஸ் டைம் தேடியவர்கள். லட்டு விலை தேடியவர்கள். பாலக்காட்டுப் பக்கம் இருக்கிற சித்தூருக்கு டாக்ஸி தேடியவர்கள் (ஆமாம், கேரளாவிலும் ஒரு சித்தூர் உண்டு, கூகிளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்). எல்லாவற்றுக்கும் மேலே, அதிகக் காசு தின்றது எது தெரியுமா? மாமாவின் டிராவல்ஸ் பேர். முப்பது வருஷமாக அவர் சம்பாதித்த பேர்.

"நீ சரியா செட் பண்ணலை" என்று இங்கே ஒரு நண்பர் சொன்னார். சரிதான். கணக்கு தொடங்கும்போதே பல கட்டங்கள் முன்கூட்டியே டிக் அடித்து வந்துவிடுகின்றன. நீங்கள் கொடுத்த வார்த்தையோடு தூரத்துச் சொந்தமான வார்த்தைகளுக்கும் விளம்பரம் காட்டு என்று ஒன்று. ஊரில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, அந்த ஊரில் 'ஆர்வம்' உள்ளவர்களுக்கும் காட்டு என்று இன்னொன்று. திருப்பதி மேல் ஆர்வம் இல்லாத ஆள் தென்னிந்தியாவில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். டாக்ஸிக்கு வெளியூர்க்காரன்தானே வேணும் என்று நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன். பதினைந்து வருஷம் சாஃப்ட்வேரில் குப்பை கொட்டியவனுக்கே இந்தக் கதி. சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கிறவருக்கு? ஏஜென்சி வைத்துக்கொள் என்கிறார் நண்பர். நாளைக்கு 300 ரூபாய் விளம்பரத்துக்கு ஏஜென்சி வைத்தால், யானை வாங்கினவன் அங்குசத்துக்கும் கடன் வாங்கின கதை.

ஆனால் என் சண்டை செட்டிங்கோடு இல்லை. பேரோடு. ஒருத்தர் கடைப் பேரை ஏலத்தில் விடுகிறார்கள், கடைக்காரரும் அந்த ஏலத்தில் கை தூக்க வேண்டியிருக்கிறது. எந்த ஊர் நியாயம் இது?

இது மாமா பிரச்சனை மட்டும் இல்லை. நம்மைப் போலவே அமெரிக்காவுக்கு சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த முருகவேல் ஜானகிராமன் 1997-ல் இங்கிருந்துதான் தமிழர்களுக்காக ஒரு தளம் ஆரம்பித்தார். அதில் கல்யாண விளம்பரப் பகுதிதான் பிய்த்துக்கொண்டு போனது, அதுவே பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்தது. அந்தக் கம்பெனி, தன் பேர்களைப் போட்டியாளர்கள் விளம்பரச் சொல்லாக வாங்க கூகிள் விடுகிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010 செப்டம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தரவில்லை. 'தமிழ் மேட்ரிமோனி' மாதிரி வார்த்தைகள் பொருளையே விவரிக்கிற பொதுச் சொற்கள் என்பது முக்கியக் காரணம். அப்புறம் அவர்கள் போட்டி ஆணையத்திலும் புகார் செய்தார்கள். 2018 பிப்ரவரியில் ஆணையம் கூகிளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆனால் அது தேடல் முடிவுகளைக் காட்டும் விதத்துக்காக. விளம்பர ஏலம் பற்றிய புகாரை ஏற்கவில்லை. 2023 ஆகஸ்டில், அகர்வால் பேக்கர்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் கொஞ்சம் திரும்பியது. டிரேட்மார்க்கை விளம்பரச் சொல்லாக விற்பதும் ஒரு 'பயன்பாடு'தான், கூகிள் வெறும் வேடிக்கை பார்க்கிற ஆள் இல்லை என்றது. அங்கேயும் ஒரு 'ஆனால்' உண்டு. வாடிக்கையாளர் குழம்புகிற மாதிரி இருந்தால்தான் அது குற்றம்.

வக்கீல் படையோடு போனவர்களுக்கே இதுதான் கிடைத்தது. 'ஸ்ரீ வெங்கடேஸ்வரா' என்று ஆரம்பிக்கிற பேரை வைத்துக்கொண்டு சித்தூர்க்காரர் எங்கே போய் நிற்பது? அந்தப் பக்கமெல்லாம் டீக்கடையிலிருந்து யுனிவர்சிட்டி வரைக்கும் அதே பேர்தான்.

இன்னொரு விஷயம். ஈபே தெரியுமில்லையா, 2012-ல் அவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தங்கள் பேரைத் தேடுகிறவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தைச் சில இடங்களில் நிறுத்திப் பார்த்தார்கள். அந்தக் கிளிக்கில் 99.5 சதவீதம் கீழே இருக்கிற இலவச இணைப்பு வழியாக வந்து சேர்ந்தது. வருகிறவன் எப்படியும் வருகிறான், வாசலில் ஒருத்தன் டோல் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறான். நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், கம்பெனியை முன்பின் தெரியாத புது ஆட்களைக் கொண்டுவர விளம்பரம் உதவுகிறது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அந்த 12 பேரை நானும் மறுக்கவில்லை. விலைதான் கட்டுப்படியாகவில்லை. ஒரு காலத்தில் விளம்பரம் எது, நிஜ முடிவு எது என்று பின்னணி நிறத்திலேயே தெரியும். 2013-ல் அந்த நிறத்தை எடுத்தார்கள். இன்றைக்கு எங்க அத்தைக்கு வித்தியாசம் தெரியாது. எனக்கே அவசரத்தில் தெரிவதில்லை.

திருப்பதியில் இது இன்னும் மோசம். தரிசனம், ரூம் என்று ஏமாற்றுகிற போலித் தளங்கள் அங்கே புற்றீசல் மாதிரி. 2023 ஏப்ரலில் தேவஸ்தானம் போலீசில் கொடுத்த புகார் 41-வது போலித் தளத்தின் மேல். விவரம் தெரிந்த பக்தர் 'திருப்பதி' என்று விளம்பரம் பார்த்தாலே பயந்து ஒதுங்குகிறார், விவரம் தெரியாதவர் தரிசன டிக்கெட் என்று நினைத்து மாமா விளம்பரத்தைத் தொடுகிறார். ரெண்டிலும் நஷ்டம் நேர்மையான ஆளுக்குத்தான்.

இனி அந்த ஆன்லைன் டைரக்டரி கூத்து. எந்தத் தளம் என்று சொல்ல மாட்டேன், இந்தத் தொழிலில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாமாவே ஒரு இலவசப் பதிவு போட்டார். ரெண்டு நாளில் போன், இனிக்க இனிக்கப் பேச்சு, வருஷத்துக்கு 24 ஆயிரம், மாதாமாதம் பேங்கிலிருந்து தானாகப் போய்விடும். லீட் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. மாமா சொன்னதை அப்படியே போடுகிறேன்: "வேலூர்ல ஒருத்தர் கார் கேட்டாருன்னு மெசேஜ் வந்துச்சி மாப்ளே. உடனே போன் போட்டேன். அவரு என்ன சொல்றாரு, 'சாமி, நீங்க ஆறாவது ஆளு, ஆளை விடுங்க'ன்னுட்டாரு." ஒரே விசாரணையை ஐந்தாறு பேருக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய் என்று இறங்கிக்கொண்டே போவார்கள். பர்மிட், டோல், பேட்டா எல்லாம் சேர்த்துச் சொல்கிற மாமா அதிக விலைக்காரர் ஆகிவிடுவார். பார்டர் தாண்டினதும் "சார், டாக்ஸ் தனி" என்று சொல்கிற ஆள் ஜெயிப்பார். நிறுத்தச் சொல்லி மூன்று மாதம் போன் செய்தோம். கடைசியில் பேங்குக்கு நேரில் போய் எழுதிக் கொடுத்துத்தான் நின்றது.

சித்தூர்க்காரர்களுக்குப் புத்தூர் கட்டு தெரியாமல் இருக்காது. மூலிகைச் சாறு, முட்டை வெள்ளைக் கரு, துணி, மூங்கில் பத்தை. சென்னை-திருப்பதி ரோட்டில் இருக்கிற அந்தச் சின்ன ஊர் பேர், ஒரு பைசா விளம்பரம் இல்லாமல், எலும்பு முறிந்தவன் இன்னொருத்தனுக்குச் சொல்லிச் சொல்லியே தமிழ்நாடு, கர்நாடகா வரைக்கும் போனது. இன்றைக்குத் தெருவுக்குத் தெரு 'புத்தூர் கட்டு' போர்டு. எது அசல் என்று தேடல் பக்கம் சொல்லுமா? போர்டு வைத்தவன் யாராக இருந்தாலும் காசு கட்டினால் மேலே வரலாம்.

இதில் நம் பங்கு என்ன என்று கேட்டால் கோபம் வரும், பரவாயில்லை. வெளியூரில் இருக்கிற நமக்கு ஊரில் இருப்பவர்களுக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று ஒரு அரிப்பு. நேரம் இல்லை, காசு இருக்கிறது. கார்டைத் தேய்த்தால் கடமை முடிந்தது. செய்ய வேண்டிய வேலையோ இலவசம், ஆனால் உட்கார்ந்து செய்ய வேண்டும். டிசம்பரில் நான் பார்த்தபோது கூகிள் மேப்பில் மாமா கடை நாலு தெரு தள்ளி ஒரு கல்யாண மண்டபத்தின் மேல் குத்தியிருந்தது. நம்பர், 08572 போட்ட பழைய லேண்ட்லைன், 2016-ல் சரண்டர் செய்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று வேறு போட்டிருந்தது, டிராவல்ஸுக்கு! 95 ஆயிரம் செலவழித்து ஆளைக் கூப்பிட்டவன் வாசல் எங்கே என்று சொல்லவில்லை.

ஒரு சாயந்திரத்தில் சரி செய்தோம். பின்னை நகர்த்தினேன், செல் நம்பர் போட்டேன். பேரைத் தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும் போர்டிலேயே எழுதவைத்துப் போட்டோ எடுத்துப் போட்டோம். எந்த வண்டிக்கு எவ்வளவு, பர்மிட் சேர்த்தா சேர்க்காமலா என்று எழுதினோம். டிரைவர்களிடம், இறக்கிவிடும்போது மாமா நம்பரை சவாரிக்காரர் போனில் சேவ் செய்துகொடுக்கச் சொன்னோம், அந்த 19 பேர் அடுத்த தடவை கூகிள் பக்கமே போக வேண்டாமே. செலவு, போர்டு பெயின்டருக்குக் கொடுத்த 1,800.

விளம்பரத்தை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. 'நெட்' என்று எழுதிய டிரிப் 22 வந்திருப்பதாகப் போன வாரம் அத்தை போனில் வாசித்தார்கள். அதில் எத்தனை பேர் புதுசு என்று இன்னும் பார்க்கவில்லை.

பக்கத்துக் கடைக்காரர் புதுசாக விளம்பரம் ஆரம்பித்திருக்கிறாராம். மாமா பேரை அடித்தால் இப்போது முதலில் அவர் வருகிறார். "திரும்பப் போடட்டுமாடா மாப்ளே?" என்று மாமா கேட்டார். "வேண்டாம் மாமா, முதல்ல அவர்கிட்ட நேரா போய் ஒரு காபி சாப்பிட்டுப் பேசுங்க" என்றேன். ரெண்டு பேரும் காணிப்பாக்கம் பிரம்மோற்சவத்துக்கு ஒரே வண்டியில் போகிறவர்கள்தான். பேசினாரா என்று இன்றைக்கு ராத்திரி கேட்க வேண்டும்.