நிறம் பூசிய மதில்கள், பெயரில்லாத ஓவியர்கள்

கொழும்பிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் இரண்டு நாட்கள் தங்கினார். கோட்டை, நல்லூர், பொது நூலகம் எல்லாம் பார்த்து முடிந்த பிறகு, "உங்கட ஊர் ஓவியர்கள், புகைப்படக்காரர்களின்ர வேலைகளை எங்க பாக்கலாம்?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. சில ஓவியர்களின் வீடு தெரியும், சிலரின் தொலைபேசி இலக்கம் தெரியும். ஆனால் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை பின்னேரம் யாரையும் தொந்தரவு செய்யாமல் போய்ப் பார்க்கக்கூடிய இடம் எதுவென்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அவரை ஒரு மதிலுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் விட்டேன்.

2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுவதும் இளைஞர்கள் தூரிகையோடு வீதிக்கு இறங்கியது நினைவிருக்கும். தெற்கில் பழைய மன்னர்களும் இராணுவ வீரர்களும் மதில்களில் எழுந்து நின்றார்கள். யாழ்ப்பாணத்திலும் மதில்கள் நிறம் பெற்றன. நான் பார்த்தவற்றில் பனையும் மாட்டுவண்டியும்தான் அதிகம். நண்பருக்குக் காட்டிய மதிலில் வண்டில் மாட்டின் ஒரு கொம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. மிச்சத்தை ரியூசன் விளம்பரமும் மூன்று கண்ணீர் அஞ்சலிகளும் மூடியிருந்தன. யார் வரைந்தது என்று கேட்டார். கீழே பெயரும் இல்லை, திகதியும் இல்லை.

அந்த அலையை முழுக்கக் குறைசொல்ல நான் விரும்பவில்லை. ஒருபோதும் தூரிகை பிடிக்காத பிள்ளைகள்கூட வீதிக்கு வந்து பெயின்ற் பூசினார்கள், அது நல்லதே. ஆனால் அது நமது நிர்வாகங்களுக்கு ஒரு தவறான பாடத்தையும் கற்றுக்கொடுத்துவிட்டது. ஓவியர் என்பவர் பெயின்ற் வாளியையும் மத்தியானச் சாப்பாட்டையும் கொடுத்தால் வந்து நகரை அழகாக்கிவிட்டுப் போகிறவர் என்ற எண்ணம் அப்படியே தங்கிவிட்டது. மதில் கட்டிய மேசனுக்கு நாட்கூலி உண்டு. அதில் படம் வரைந்தவருக்குச் சான்றிதழ். எதை வரையலாம் என்பதையும் பெரும்பாலும் மதிலின் சொந்தக்காரரோ அனுமதி கொடுக்கும் அதிகாரியோதான் தீர்மானிக்கிறார். பனையும் மாட்டுவண்டியும் ஏன் இத்தனை என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்தார்கள். அவர்களை எந்த மதிலில், யாருடைய அனுமதியுடன் வரைவது?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் சித்திரம் கற்ற இளைஞர்கள் ஒவ்வோர் ஆண்டும் வெளியே வருகிறார்கள். அதிர்ஷ்டம் உள்ளவருக்குச் சித்திரபாட ஆசிரியர் நியமனம் கிடைக்கிறது. மற்றவர்கள் பெயர்ப்பலகையும் அழைப்பிதழும் வடிவமைக்கிறார்கள். கன்வஸ், அக்கிறிலிக் எல்லாம் இறக்குமதி. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360ஐத் தொட்டபோது, வரைவதை நிறுத்திவிட்டுப் பென்சிலுக்குத் திரும்பியவர்களை நான் அறிவேன். கமராவின் நிலை இன்னும் மோசம். அதனால் நமது புகைப்படக்காரரின் கமரா முதலில் கலியாண வீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும்தான் போகவேண்டும். கடன் கட்ட வேறு வழியில்லை. அவருடைய சொந்தப் படங்கள் வேறெங்கோ இருக்கின்றன. மீன்பிடித் துறையின் விடியல், உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுபட்ட காணியில் கூரையில்லாமல் நிற்கும் வீடு, வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் கிழவி. வீதியில் நின்று இவற்றை எடுப்பதும் லேசான காரியமில்லை. எந்தப் பத்திரிகை, எதற்காக எடுக்கிறீர், அடையாள அட்டை எங்கே என்ற கேள்விகள் யுத்தம் முடிந்த பிறகும் முடியவில்லை.

இந்த மண்ணில் பெரிய வேலைகள் நடக்கவில்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். தா. சனாதனன் 2004இல் யாழ்ப்பாண வீடுகளிலிருந்து சேகரித்த நூற்றுக்கணக்கான சிறு பொருட்களைப் பொது நூலகத்திலேயே காட்சிக்கு வைத்தார். எரிந்து மீண்ட கட்டடத்துக்குள் சனம் தங்கள் சொந்த இழப்பின் எச்சங்களைப் பார்த்தது. இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து கொடுத்ததை வைத்து 2011இல் அவர் ஒரு நூலும் செய்தார். உலகெங்கும் பேசப்பட்ட வேலைகள் இவை. ஆனால் இவற்றைப் பற்றி இங்குள்ள ஏ.எல். மாணவர் கேள்விப்படுவதற்கு முன்னரே வெளிநாட்டு ஆய்வாளர் கட்டுரை எழுதிவிடுகிறார்.

அதற்கும் முந்திய தலைமுறையின் கதை இன்னும் கவலை தருகிறது. எத்தனையோ பேருக்கு ஓவியம் கற்றுக்கொடுத்த அ. மாற்கு 2000ஆம் ஆண்டு காலமானார். 1995 இடப்பெயர்வோடு அவரது படங்கள் பல தொலைந்துபோயின. அதே இடப்பெயர்வில் ஸ்ரூடியோக்களின் நெகற்றிவ்களும் வீட்டு அல்பங்களும் போயின. எங்கள் சனம் எப்படிச் சிரித்தது, என்ன உடுத்தது என்பதற்கான சாட்சியில் பாதி அத்தோடு போயிற்று. அன்று யுத்தம் அழித்தது. இன்று அழிவதற்கு யுத்தம் தேவையில்லை, ஒரு வன்தட்டு பழுதாவது போதும்.

கொழும்பு சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. ஆனாலும் அங்கே 1993இலிருந்து கலா பொல நடக்கிறது. ஓவியர் நடைபாதையில் படத்தை வைத்து, வாங்குகிறவரோடு நேரே விலை பேசலாம். 2019 டிசம்பரில் திறந்த நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் தனது குறிப்புகளை மூன்று மொழியிலும் வைக்கிறது. இங்கே இந்திய உதவியில் எழுந்த பதினொரு மாடிக் கலாசார மையம் 2023இல் கையளிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அதன் பெயரை மாற்றியபோது எழுந்த சர்ச்சை ஞாபகமிருக்கும். பெயர்ப்பலகையில் யாழ்ப்பாணம் இருக்கவேண்டும் என்று வாதிட்டது நியாயம். உள்ளே சுவரில் யாழ்ப்பாணத்தவரின் படங்கள் நிரந்தரமாகத் தொங்கவேண்டும் என்று அதே சத்தத்தோடு எவரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

உள்ளூராட்சி சபைகள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் இருந்து, 2025 மே தேர்தலோடுதான் திரும்பின. இப்போது கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். கேட்கவேண்டியது பெரிய கட்டடம் அல்ல. மதிலில் வரைபவருக்குக் கூலியும் மூலையில் பெயரும், நூலகத்தில் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஒரு அறையும், உள்ளூர்ப் புகைப்படங்களைப் பிரதியெடுத்துக் காக்க ஒரு கணினியும் ஒரு ஆளும். வீதிக்குத் தார் போடும் செலவில் இது ஒரு முடக்குக்கும் காணாது.

நண்பர் புறப்படும் இரவு, எனக்குத் தெரிந்த ஒரு புகைப்படக்காரரை பஸ் நிலையத்துக்கு அழைத்திருந்தேன். அவர் தன் கைத்தொலைபேசியிலேயே முப்பது நாற்பது படங்களைக் காட்டினார். பஸ் வெளிக்கிடும்வரை நண்பர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றை விலைக்குத் தருவீரா என்று கேட்டதும் அவர் தடுமாறிப்போனார். கலியாண அல்பத்துக்கு அவரிடம் விலைப்பட்டியல் இருந்தது. இதற்கு ஒரு விலையை அவர் அதுவரை யோசித்திருக்கவில்லை.