பறையா? பரம்பரையா?

"தப்பட்டை அடிக்கப் பயிற்சியா? அது அவர்கள் இரத்தத்திலேயே ஊறியதாயிற்றே!"

சிரித்துக்கொண்டே சொன்னார் ஒரு பெரியவர். ஊரில் மதிப்புள்ளவர், மகனைப் பொறியாளனாக்கியவர். அந்த மகனுக்கு நான்கு ஆண்டுக் கல்லூரி தேவைப்பட்டது. பறை அடிப்பவனுக்கோ ஆசானும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். இன்ன தெருவில் பிறந்தால் போதுமாம்! புகழ்வதுபோல் இகழும் இந்தக் கலையில் நம் ஊர்ப் பெரியவர்களை மிஞ்ச எவருண்டு?

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில், நான் ஆசிரியனாக இருக்கும் சிற்றூரில் நடந்தது இது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறதல்லவா? அதற்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். காலனியிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எதிரே நின்றான். "பறை அடிக்கிறேன் சார்" என்றான்.

பகுத்தறிவு பேசுகிறவன் அல்லவா நான்! உடனே அறிவுரை வழங்கினேன். "இழிவின் சின்னத்தை ஏன் தம்பி மறுபடியும் தோளில் மாட்டுகிறாய்? கீபோர்டு கற்றுக்கொள்ளேன்" என்றேன்.

"கீபோர்டை யார் வேண்டுமானாலும் கத்துக்கலாம். பறையை மட்டும் யாருமே கத்துக்கக் கூடாதா சார்?" என்றான்.

வாயடைத்து நின்றேன். அன்று சொல்ல முடியாத விடையைத்தான் இன்று எழுதுகிறேன்.

ஆசிரியர் அறையிலே வேறொரு புலம்பல். "இக்காலப் பிள்ளைகளின் இரசனையே கெட்டுவிட்டது! ஒருவன் கிதார் என்கிறான். ஒருவன் தப்பட்டை என்கிறான். மரபான வயலின், மிருதங்கம் என்று எவனாவது கேட்கிறானா?" என்றார் ஒரு நண்பர்.

மரபான வயலின்! எங்கிருந்து வந்தது அந்த மரபு? ஐரோப்பியர் கொண்டுவந்த கருவி அது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அதை ஐரோப்பியரிடம் கற்றார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதை வாசித்துச் சிறந்தார். 1834-இல் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்நியம். இன்று அதுவே ஆகமம்! சாக்சபோனும் மேண்டலினும் நம் காலத்திலேயே கத்ரி கோபால்நாத் கையிலும் சீனிவாசன் கையிலும் கச்சேரி மேடை ஏறவில்லையா?

இரசனையைச் சட்டம் போட்டுக் காக்க முனைந்தவர்களும் உண்டு. 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. தடையை மக்கள் பொருட்படுத்தினரா? எங்கள் தருமபுரிப் பக்கத்துத் தெருக்கூத்தில் விடிய விடிய ஒலித்தது அதே ஆர்மோனியம். 1952-இல் அமைச்சர் கேஸ்கர் திரைப்பாடல்களுக்கு வானொலிக் கதவைச் சாத்தினார். மக்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். 1957-இல் விவித பாரதி பிறந்தது. சாத்திய கதவைச் சாத்தியவர்களே திறந்தனர். தந்தையின் காதுக்கு இரைச்சலானது மகனுக்கு இசையாகிறது; மகனின் இசை பேரனுக்குப் பழம்பாட்டாகிறது. கெட்டது இரசனையன்று, கேட்கும் காது மாறிற்று, அவ்வளவே.

பறையும் மாறாமல் நிற்கவில்லை. சாமிச்சாட்டு அடி, மாரடி என்ற பழைய அடிகளோடு 'சினிமா அடி' என்றே ஓர் அடியைப் பறைக் கலைஞர்கள் சேர்த்துக்கொண்டார்கள். மரபு பேசும் மேதைகளுக்குத் தெரியாத மரபு அது!

ஆனால் தோழர்களே, இரசனை மாறுவது எளிது. கருவியை யார் கையில் கொடுப்பது என்ற கணக்கு மட்டும் மாறுவதே இல்லை. சங்க காலத்தில், புறநானூற்றுப் புலவர் மாங்குடி கிழார் துடியனையும் பாணனையும் பறையனையும் கடம்பனையும் சிறந்த குடிகளாக எண்ணினார். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையையும் யாழையும் ஒரே வரிசையில் வைத்தது. பின்னர் வந்த சாதி என்ன செய்தது? கருவியைப் பிறப்போடு கட்டிற்று. கலைஞனைத் தெருவோடு கட்டிற்று.

நாதசுரம் ஊதியவர்க்கே நேர்ந்ததைப் பாருங்கள். கலைஞன் தோளில் துண்டு போடக் கூடாதாம். இடுப்பில் கட்ட வேண்டுமாம்! சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க ஆண்டுகளில், கானாடுகாத்தானில், மதுரை சிவக்கொழுந்து துண்டை எடுக்க மறுத்தார். அவருக்குத் துணை நின்றார் பட்டுக்கோட்டை அழகிரி. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956) கிராப்பும் நீண்ட அங்கியுமாக மேடையேறி, ஊதுகிறவனுக்கும் இருக்கை உண்டு என்று நிலைநாட்டினார். துண்டுக்கே இத்தனை போர் என்றால், ஊர்க்கோடியில் நின்று பறையடித்தவன் நிலை என்ன?

அதை எனக்குச் சொன்னவர் அச்சிறுவனின் தந்தை. பள்ளிக்கே வந்துவிட்டார். குரலில் சினம் இல்லை, களைப்பு இருந்தது.

"எங்கப்பன் அடிச்சது போதும் சார். எழவுச் சேதி சொல்ல ஊரூரா நடந்தாரு. ராத்திரி முழுக்க அடிச்சுட்டு, விடிஞ்சா எட்ட நின்னு கூலி வாங்குனாரு. மாட்டேன்னு சொன்னா களத்துல வேலை கிடையாது. அதை விடத்தான் நான் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனேன். என் பையனை அங்கேயே இழுக்காதீங்க."

இந்தத் தந்தையின் மறுப்பைப் பிற்போக்கு என்பவன் மூடன். அது ஒரு தலைமுறையின் புரட்சி! பறையடிப்பதைக் கைவிடுங்கள் என்று தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் நடத்திய போராட்டங்களின் பொருள் அதுதான். கட்டாய உழைப்பை அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு 1950-லேயே தடை செய்தது. சட்டம் வந்தது, சாவு வீட்டு ஆணை நின்றதா?

ஆக, தந்தை தூக்கி எறிந்தது எதை? கட்டாயத்தை. மகன் கேட்பது எதை? கருவியை. இரண்டையும் ஒன்றென்று எண்ணியது என் பிழை. தோலும் கட்டையும் எவரையும் இழிவுபடுத்தா. 'நீ பிறந்துவிட்டாய், ஆகவே அடி' என்ற ஆணையே இழிவு.

தந்தைக்கு மூன்று உறுதிகள் தந்தேன். எந்தச் சாவு வீட்டிலும் பையன் அடிக்க மாட்டான். எந்தத் தெருப் பிள்ளை வந்தாலும் பயிற்சி உண்டு. சொல்லித் தருபவர் அவருடைய தகப்பனாரே. அவருக்கு நாற்காலியும் ஊதியமும் உண்டு. நெடுநேரம் தரையைப் பார்த்தபடி இருந்தவர், "கடைசிதைச் செஞ்சு காட்டுங்க, பாக்கலாம்" என்றார்.

முதல் நாள் தாத்தா வந்தார். என்னைக் "சாமி" என்றார். "தம்பி என்று கூப்பிடுங்கள் ஐயா" என்றேன். நாற்காலியில் அமர அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று.

ஒன்பது பேர் கற்க வந்தார்கள். பத்தாவது மாணவன் நான். தீ மூட்டித் தோலைக் காய்ச்சுவது ஒரு பாடம். எந்த அளவு சூட்டில் எந்த ஒலி என்பது காதுக்குத் தெரிய வேண்டும். வலக்கையில் அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய சிம்புக்குச்சி; இரண்டும் இரண்டு கணக்கு. கை சரியானால் கால் தவறும். கால் சரியானால் கை தவறும். விரலில் கொப்புளம் எழுந்தது. 'இரத்தத்தில் ஊறிய' பேரனும் முதல் வாரம் முழுவதும் என்னைப் போலவே தடுமாறினான்! "எனக்கே ஆறு வருசம் ஆச்சு தம்பி" என்றார் தாத்தா. இரத்தவாதம் பேசிய பெரியவரே, கேட்டீரா?

ஒன்பது பேரில் இருவர் ஊர்த் தெருப் பிள்ளைகள். மூன்றாம் நாள் ஒருவன் வரவில்லை. வீட்டில் தடை. மற்றொருவன் இன்னும் வருகிறான்.

பறை இன்று மேடையேறிவிட்டது என்பர். மகிழ்ச்சியே! திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையெடுத்தார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நகரத்து இளைஞர்கள் காசு கொடுத்துக் கற்கிறார்கள். ஆனால் மேடையில் கைதட்டிவிட்டு, தன் ஊர்ச் சாவுக்குக் காலனிக்கு ஆளனுப்பும் கைக்கும் அதே பத்து விரல்கள்தாமே? அந்தக் கையை நிறுத்தாமல் பறையைப் போற்றுவது, கைதியின் குரலினிமையைப் பாராட்டிக்கொண்டே சிறையைப் பூட்டுவதாகும்.

இளைஞர்களே! பறை கற்றுக்கொள்ளுங்கள். யாழோ கிதாரோ விரும்பினால் அதையும் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கற்கும் முன், உங்கள் ஊரில் எவர் வீட்டுச் சாவுக்கு எவர் அடிக்கிறார், மறுத்தால் என்ன ஆகிறது என்று கேளுங்கள். விடை கசந்தால், அதை மாற்றுவதே உங்கள் முதல் பாடம். பிறகு அந்தத் தெருவுக்கே போய், அங்குள்ள முதியவரை ஆசான் என்று அழைத்து, அவரை அமர வைத்து, எதிரே அமர்ந்து கேளுங்கள்.

எங்கள் பள்ளியில் அந்த நாற்காலி கிடக்கிறது. வராமற்போன அந்த ஒருவனுக்காக ஒரு பறையும் சுவரில் மாட்டியிருக்கிறது. அதை இறக்க அவன் வரும்வரை எங்கள் பயிற்சி முடியாது.