பந்தும் பயிற்றுநரும்

மட்டக்களப்பு நகரிலே வெபர் மைதானத்தைக் கடந்து செல்லும் போதெல்லாம், உடன் வரும் மாணவரிடம் அப்பெயருக்குரியவர் யாவர் என்று வினவுவது என் வழக்கம். பெரும்பாலார் அறியார். அவர் அமெரிக்காவின் தென்பகுதியாகிய நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைத் துறவி. அதே சபையினரான யூஜீன் ஹீபர்ட் அடிகளாரும் 1948இல் இலங்கைக்கு வந்தார். புனித மிக்கேல் கல்லூரி மாணவர்க்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றினார். வாவி சூழ்ந்த இச்சிறு நகரம் அவ்விளையாட்டில் நாடறியப் பெயர் பெற்றமைக்கு இத்தகையோரின் உழைப்பே காரணம்.

இவ்விடத்து ஒரு விந்தையைக் குறிப்பிடுதல் தகும். அவர்தம் சபையினர் நியூ ஓர்லியன்ஸில் நடத்தும் லொயோலாப் பல்கலைக்கழகம், பண நட்டம் காரணமாக 1939இல் தன் ‘ஃபுட்பால்’ குழுவைக் கலைத்துவிட்டது. (பந்தைக் கையிலே ஏந்தி ஓடும் அவ்வாட்டத்திற்கு அப்பெயர் எவ்வாறு பொருந்திற்றோ! நமது உதைபந்தாட்டம் வேறு.) அதே ஆண்டில் சிக்காகோப் பல்கலைக்கழகமும் அவ்வாட்டத்தைக் கைவிட்டது. நாற்பதாண்டுக் காலம் அங்கே பயிற்றுநராயிருந்த ஸ்டாக் என்பார், எழுபது வயது எய்தியதால் 1932உடன் விலக நேர்ந்தது. அவருக்குப் பின் ஏழே ஆண்டுகளில் ஆட்டமும் போயிற்று. அவர் பெயர் தாங்கிய அரங்கின் பார்வையாளர் மேடைக்கு அடியிலேதான் 1942இல் அணுவின் தொடர்வினை முதன்முதலாக நிகழ்த்தப்பட்டது. பின்னர் அந்நிலத்தில் நூலகம் எழுந்தது. நூலகம் வந்ததற்கு யார்தான் வருந்துவர்? ஆயினும் 1969இல் ஆட்டம் அங்கு மீண்டும் வந்தது.

இன்றைய நிலை வேறு. அமெரிக்கச் சிறு கல்லூரிகள் பல மாணவர் தொகை குறைந்து தத்தளிக்கின்றன. ஆட்டக் குழுவை நிறுத்திச் செலவைச் சுருக்குவன சில. புதிதாகக் குழு அமைத்து, அதன் மூலம் கட்டணம் செலுத்தும் மாணவரைச் சேர்க்க முயல்வன வேறு சில. அங்கே பயிற்றுநரின் பணி ஆட்டம் கற்பிப்பதோடு முடிவதில்லை. ஊர் ஊராகச் சென்று மாணவரைத் திரட்டுவதும் அவர் கடனே. ஆகவே, பயிற்றுநர்க்குரிய ஊதியத்தை மிச்சமென்று எழுதிக்கொள்ளும் நிருவாகம், அவருடன் வெளியேறும் மாணவரை எந்தப் பத்தியில் எழுதும்?

நம் நாட்டிலே கணக்கு இத்துணை வெளிப்படையன்று. இங்கு விளையாட்டுக் குழுவை மூடுவதாக எவரும் அறிவிப்பதில்லை. வாவியின் மேற்குக் கரையிலுள்ள சிறு பாடசாலை ஒன்றை நான் அறிவேன். உதைபந்தாட்டம் பயிற்றிய ஆசிரியர் இடமாற்றம் பெற்றார். அவருக்குப் பதிலாக எவரும் வரவில்லை. பந்து அலுமாரியில் இருந்தது, மைதானமும் இருந்தது. பரீட்சைப் பெறுபேறே முதன்மை என்று பெற்றோரும் அமைதி கொண்டனர். ஒரு பருவத்திற்குள் குழு இல்லாதொழிந்தது. மூடுவதென்று எவரும் முடிவு செய்யாமையால், ஏன் மூடினீர் என்று கேட்பதற்கும் ஆளில்லை. அமெரிக்கரின் முடிவு கொடிதாயினும், அதை எதிர்த்து வாதிட ஓர் ஏடாவது உண்டு. நம்முடையதோ ஓசையின்றி நிகழ்வது. அதுவே எனக்குப் பெருங்கவலை.

ஹீபர்ட் அடிகளார் 1990 ஆகத்து 15ஆம் நாள், இளைஞர் ஒருவருடன் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். போர் மூண்டிருந்த காலம். இருவரும் வந்து சேரவில்லை. அவர்களுக்கு நேர்ந்தது இன்றளவும் தெளிவாகவில்லை. ஓர் ஊரின் ஆட்டம் அன்றோடு நின்றிருந்தால் வியப்பில்லை. நிற்கவில்லை. அவரிடம் பந்தெறியக் கற்றவர்கள் பலர் இருந்தனர். தமக்கு இளையோரைக் களத்துக்கு அழைத்துச் சென்றனர். மேற்குக் கரைப் பாடசாலையின் ஆசிரியருக்கோ, அவ்வாறு ஒருவரை உருவாக்க இரண்டு ஆண்டுகளே வாய்த்தன.